காப்புரிமை முடியும் நாள்: ஒரு தேதியை எப்படி வாசிப்பது?

1

ஒரு மருந்தின் காப்புரிமை எப்போது முடிகிறது என்ற கேள்விக்குப் பதில் ரொம்பவும் எளிமையானது போலத் தோன்றும். விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள். விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். அதற்கு மறுநாள் வேறு கம்பெனிகள் அதே மருந்தைச் செய்து விற்கும், விலை இறங்கும், இல்லாதவனுக்கும் எட்டும். கம்பெனிகள் இதைச் சொல்வதில் வியப்பில்லை. நம் பக்கத்து நண்பர்களும் இதையேதான் வேறு தொனியில் சொல்கிறார்கள்: "இருபது வருஷம் கொள்ளையடிப்பான், அப்புறம் விட்டுத்தானே ஆகணும்." இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. காப்புரிமை தன் ஆயுள் முடிந்ததும் தானாகச் செத்துவிடும் என்ற நம்பிக்கை.

அது தானாகச் சாவதில்லை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. முடிவுத் தேதி என்பது கேலண்டரில் அச்சாகி வருகிற ஒன்றல்ல. அது சில பிரதிகளுக்குள் எழுதப்படுகிறது, திருத்தப்படுகிறது, தள்ளிப்போடப்படுகிறது. அந்தப் பிரதிகளை வாசித்து மறுப்புச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தே பொதுப்பெயர் மருந்து, அதாவது ஜெனரிக், வருகிற நாள் தீர்மானமாகிறது. தமிழ் எம்.ஏ. படித்த ஒருவருக்கு மருந்துக் காப்புரிமையில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். இது வேதியியல் சண்டையாக இருக்குமளவுக்கு வாசிப்புச் சண்டையாகவும் இருக்கிறது. மூல நூல் எது, திருத்திய பதிப்பு எது, புதிய நூல் எது என்ற நமக்குப் பழகிய கேள்விகளே அங்கு உயிர் போகிற கேள்விகளாக நிற்கின்றன.

2

'பேடண்ட்' என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் 'திறந்திருப்பது' என்று பொருள். முத்திரையிட்டு மூடாமல், எல்லோரும் படிக்கும்படி அரசன் விடுத்த திறந்த கடிதம். இச்சொல்லுக்குள்ளேயே ஓர் ஒப்பந்தம் ஒளிந்திருக்கிறது. கண்டுபிடித்தவர் தன் கண்டுபிடிப்பின் செய்முறையை ஒளிக்காமல் எழுதித் தர வேண்டும். அதற்கு ஈடாகச் சமூகம் அவருக்குக் குறிப்பிட்ட காலம் ஏகபோகம் தரும். காலம் முடிந்ததும் அந்த எழுத்து எல்லோருக்கும் சொந்தம். ஆகவே காலாவதி என்பது கம்பெனிக்கு ஏற்படும் இழப்பு அல்ல, ஒப்பந்தத்தின் இரண்டாவது பாதி. முதல் பாதியை வாங்கி அனுபவித்துவிட்டு இரண்டாவது பாதியைத் தராமல் இழுத்தடிப்பதற்கு நம் ஊர்ப் பேச்சில் வேறு பெயர் உண்டு.

1911-இலிருந்து எண்ணினால் இந்தியாவில் இந்த ஒப்பந்தம் மூன்று முறை எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் அந்த ஆண்டின் காலனியச் சட்டம் முதலாவது. சுதந்திரத்துக்குப் பின் அதை ஆராய்ந்தவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார். 1959-இல் வந்த அவரது அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில் இருப்பதையும், அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே உற்பத்திக்கே வருவதில்லை என்பதையும் எடுத்துக் காட்டியது. பொருளைச் செய்யமாட்டேன், செய்பவனையும் விடமாட்டேன் என்பதே அன்றைய நிலை.

இந்த அறிக்கையின் அடித்தளத்தில் எழுந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் 1972-இல் நடைமுறைக்கு வந்தது. மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது அது. அதுவும் அதிகபட்சம் ஏழு ஆண்டுகள். வேறு வழியில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்தவர் செய்துகொள்ளலாம். இந்திய மருந்துத் தொழில் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான். எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சைக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தபோது, 2001-இல் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. அங்கே எந்தக் காப்புரிமையும் காலாவதியாகியிருக்கவில்லை. அந்தக் காப்புரிமை இந்த மண்ணில் பிறக்கவே இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது எழுத்து 1991 டிசம்பரின் டங்கல் வரைவில் தொடங்கியது. 1995-இல் உலக வர்த்தக நிறுவனத்தோடு வந்த டிரிப்ஸ் ஒப்பந்தம் இருபதாண்டுக் காலத்தை எல்லா நாட்டுக்கும் பொதுவாக்கியது. இந்தியாவுக்குப் பத்தாண்டு அவகாசம். 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்றாகிவிட்டது. ஆனால் அவ்வாண்டு நாடாளுமன்றத்தில் சட்டம் திருத்தப்பட்டபோது இடதுசாரிக் கட்சிகளின் நெருக்குதலில் சில வரிகள் உள்ளே வந்தன. அவற்றில் ஒன்று பிரிவு 3(ஈ). ஆங்கில எழுத்துப்படி 3(டி). ஏற்கனவே தெரிந்த பொருளின் புதிய வடிவம், அதன் திறனைக் கூட்டாவிட்டால், கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது இந்தப் பிரிவு. உப்பு வடிவம், படிக வடிவம் என்று ஒரு பட்டியலே அங்கு உண்டு.

இந்த வரி ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள கம்பெனி எப்படி எழுதுகிறது என்று பார்க்க வேண்டும்.

3

ஒரு மருந்துக்கு ஒரு காப்புரிமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியெல்லாம் இல்லை. முதலில் மூலக்கூறுக்கு ஒன்று. சில ஆண்டு கழித்து அதன் உப்புக்கு ஒன்று. பிறகு அந்த உப்பின் படிக வடிவத்துக்கு. பிறகு மாத்திரையாக்கும் கலவைக்கு, மற்றொரு மருந்தோடு சேர்ப்பதற்கு, குழந்தைகளுக்கான அளவுக்கு. ஒவ்வொன்றுக்கும் இருபது ஆண்டு. முதல் காப்புரிமை சாகும்போது இரண்டாவது உயிரோடு இருக்கும், இரண்டாவது சாகும்போது மூன்றாவது. 'எவர்கிரீனிங்' என்பார்கள். இலை உதிர்கிற காலமே வராத மரம்.

பதிப்புலகில் இதற்கு இணையான ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். உரிமைக் காலம் முடியப்போகும் நூலுக்கு ஒருவர் புதிய முன்னுரை எழுதுகிறார், எழுத்துருவை மாற்றுகிறார், அத்தியாய வரிசையைப் புரட்டுகிறார், பிறகு இது புதிய நூல் என்கிறார். பழைய பதிப்பையாவது மற்றவர்கள் அச்சிடலாமே என்றால், இப்போது விற்பனையில் இருப்பதும் வாசகர்கள் கேட்பதும் புதிய பதிப்பைத்தான். நூல் விஷயத்தில் இதைக் கேட்டுச் சிரிப்போம். மருந்து விஷயத்தில் பல நாடுகளின் சட்டம் இதற்கு இடம் தருகிறது.

மூட்டுவாத நோய்க்கான ஹுமிரா இதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் அதன் முதன்மைக் காப்புரிமை 2016-இல் முடிந்தது. அம்மருந்தைச் சுற்றி அங்கே வழங்கப்பட்ட காப்புரிமைகள் 130-க்கும் மேல். ஐரோப்பாவில் 2018-இல் அதற்கு இணையான மருந்துகள் கடைக்கு வந்துவிட்டன. அமெரிக்க நோயாளி 2023 ஜனவரி வரை காத்திருந்தார். அதே மூலக்கூறு, அதே நோய். நடுவே காகிதச் சுவர்.

4

இந்தச் சுவர் இந்தியாவில் இடிபட்ட கதை சென்னையில் நடந்தது என்பதை நம் எழுத்தாளர்கள் அதிகம் கவனிக்கவில்லை.

நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்பது ஒரு ரத்தப் புற்றுநோய். அதற்குக் காரணமான குரோமோசோம் பிறழ்வை 1960-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கண்டார்கள். அந்தப் பிறழ்வு உண்டாக்கும் புரதத்தை மட்டும் குறிபார்த்துத் தடுக்கும் இமாட்டினிப் என்ற மருந்து 2001-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. நோவார்ட்டிஸ் நிறுவனம் அதை கிளிவெக் என்ற பெயரில் விற்றது. அதுவரை சில ஆண்டுகளில் உயிரைக் குடித்த நோய், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வாழக்கூடிய நோயாக மாறியது. மருந்தின் மகத்துவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மகத்தானது என்பதால்தான் விலை ஒரு பிரச்சினையாகிறது. இந்தியாவில் நோவார்ட்டிஸ் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய். மருந்தை நிறுத்தவும் முடியாது, ஆயுளுக்கும் போட வேண்டும்.

இமாட்டினிப் மூலக்கூறுக்கான அமெரிக்கக் காப்புரிமை 1996-இல் வழங்கப்பட்டது. கண்டுபிடித்தவர் பெயரால் அதை சிம்மர்மன் காப்புரிமை என்பார்கள். டிரிப்ஸுக்கு முந்தையது என்பதால் இந்தியாவில் அது செல்லாது. எனவே 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்ட்டிஸ் போட்ட விண்ணப்பம் மூலக்கூறுக்கு அல்ல. இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு. 2005 வரை அந்த விண்ணப்பம் பிரிக்கப்படாமல் காத்திருந்தது. இடையில் 2003-இல் தனி விற்பனை உரிமை ஒன்று தரப்பட்டு, 2004-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் இந்தியக் கம்பெனிகள் பலவற்றின் உற்பத்தி நின்றது. காப்புரிமையே இல்லாத நாட்டில், விண்ணப்பம் மட்டுமே இருக்கும்போது நேர்ந்தது இது.

இந்த இடத்தில்தான் எதிர்ப்பு மனு வருகிறது. காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே அதை எதிர்த்து எவரும் மனுக் கொடுக்கலாம் என்கிறது இந்தியச் சட்டம். போட்டிக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. புற்றுநோயாளிகளுக்கான உதவிச் சங்கம் ஒன்று கொடுத்தது. நாட்கோ, சிப்லா போன்ற கம்பெனிகளும் கொடுத்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. பிரிவு 3(ஈ) அரசியல் சட்டத்துக்கே விரோதமானது, 'திறன் கூடுதல்' என்ற சொல் தெளிவற்றது என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர்நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சென்னையில் இருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியமும் 2009-இல் கைவிரித்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம்.

அத்தீர்ப்பு ஒரு விமர்சனக் கட்டுரையைப் போலவே நகர்கிறது. இரண்டு இடங்கள் முக்கியம். முதலாவது, 'திறன்' என்றால் என்ன? புதிய படிகம் நன்றாகப் பாய்கிறது, ஈரத்தை அதிகம் உறிஞ்சுவதில்லை, நிலையாக இருக்கிறது என்றது கம்பெனி. உடலில் சேர்வது 30 சதவீதம் கூடுதல் என்றும் சொன்னது. மருந்தின் திறன் என்பது நோயைத் தீர்க்கும் திறன் மட்டுமே, மாத்திரை செய்பவனுக்கு வசதியாக இருப்பது நோயாளிக்குத் திறன் ஆகாது என்று நீதிமன்றம் படித்தது. உடலில் கூடுதலாகச் சேர்வதும் அதனால் நோய் கூடுதலாகத் தீர்கிறது என்று காட்டினாலொழியப் போதாது.

இரண்டாவது இடம் இன்னும் சுவையானது. சிம்மர்மன் காப்புரிமை மெசிலேட் உப்பைத் தன் எல்லைக்குள் கொண்டிருக்கிறது, ஆனால் அதை வெளிப்படுத்தவில்லை, எனவே உப்பு புதிது என்பது கம்பெனியின் வாதம். ஆனால் நாட்கோவின் மெசிலேட் மருந்து பிரிட்டனில் விற்கப்பட்டபோது இதே கம்பெனி சிம்மர்மன் காப்புரிமையைக் காட்டித்தான் வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தது. அதாவது மற்றவரைத் தடுக்க வேண்டுமென்றால் உப்பு பழைய பிரதிக்குள் இருக்கிறது. புதிய உரிமை வேண்டுமென்றால் அதே உப்பு அதே பிரதிக்குள் இல்லை. ஒரு பிரதிக்குப் பல வாசிப்புகள் உண்டு என்று நாம் முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். உண்மைதான். ஆனால் இரண்டு வாசிப்பையும் ஒரே கை எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் மற்றவரிடம் காசு வாங்கும்போது அதற்குப் பெயர் பன்முக வாசிப்பு அல்ல. நீதிமன்றம் அந்தப் பிளவை ஏற்கவில்லை.

இனி அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே அதே படிக வடிவத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. அது 2019 வரை. மூலக்கூறின் காலம் 2015 ஜூலையில் முடிந்தும், வழக்குச் சமரசத்தின்படி முதல் ஜெனரிக் 2016 பிப்ரவரியில்தான் வந்தது. 2001-இல் ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலராக இருந்த கிளிவெக் 2012-இல் 92,000 டாலர் ஆகியிருந்ததை நூற்றுக்கும் மேற்பட்ட ரத்தப்புற்றுநோய் மருத்துவர்கள் 2013-இல் சேர்ந்தெழுதிய கட்டுரையில் கண்டித்தார்கள். காலம் ஆக ஆக மலிய வேண்டிய பண்டம் காலம் ஆக ஆக ஏறியது. ஒரே மருந்து, ஒரே படிகம். ஓரிடத்தில் வாசிப்பு மறுக்கப்பட்டது, ஓரிடத்தில் ஏற்கப்பட்டது. இவ்வளவு வித்தியாசம் அதிலிருந்து வருகிறது.

5

கம்பெனிப் பக்கம் ஒரு வாதம் இருக்கிறது. அதைக் கேட்காமல் போவது நியாயமில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், தோற்றுப்போகிற நூறு மருந்துகளின் செலவையும் ஜெயித்த ஒன்றுதான் சுமக்க வேண்டும் என்கிறார்கள். ஜெனரிக் கம்பெனிக்கு அந்தப் பாரம் இல்லை. உடலில் அசல் மருந்து போலவே சேர்கிறது என்று காட்டினால் போதும். சரி. மூலக்கூறுக்கு இருபது ஆண்டு கொடுத்தது அதற்காகத்தானே? உப்புக்கும் படிகத்துக்கும் கேட்பது எந்தத் தோல்விக்கான ஈடு?

இன்னொரு பதிலும் சொல்வார்கள். இந்தியாவில் கிளிவெக் வாங்க முடியாத பெரும்பாலோருக்கு இலவசமாகவே கொடுத்தோம் என்றது நோவார்ட்டிஸ். இலவசம் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள், அது பொய்யில்லை. ஆனால் கொடை என்பது கொடுப்பவர் பட்டியலில் பெயர் இருக்கிற வரைக்கும்தான். விலை இறங்கி வந்தால் நோயாளி யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. புரவலரைப் பாடிப் பரிசில் பெறும் மரபை இலக்கியமாகப் படிப்பது வேறு, மருந்துச் சீட்டோடு அதற்குள் வாழ்வது வேறு.

காப்புரிமை உண்மையாகவே முடிந்த பிறகும் கதை முடிவதில்லை. விலை இறங்குவது போட்டியாளர் எண்ணிக்கையைப் பொறுத்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே ஒரு ஜெனரிக் வந்தால் விலை 39 சதவீதம் குறைகிறது. இரண்டு வந்தால் 54, நான்கு வந்தால் 79, ஆறும் அதற்கு மேலும் வந்தால் 95 சதவீதத்துக்கு மேல். ஆகவே முதல் ஜெனரிக்கோடு கூட்டம் நின்றுவிட வேண்டும் என்பதே கம்பெனியின் அடுத்த கவலை. அங்கே காப்புரிமையை எதிர்த்து முதலில் வரும் ஜெனரிக்குக்கு 180 நாள் தனியுரிமை உண்டு. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த சலுகை இது. எதிர்க்கத் துணிந்தவனுக்குப் பரிசாக வைத்ததை, அவனுக்கே பணம் கொடுத்துச் 'சும்மா இரு' என்று உட்கார வைக்கும் வழியாக்கினார்கள். இத்தகைய பணப் பரிமாற்றம் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் விசாரணைக்கு உரியது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2013-இல்தான் சொன்னது.

நமக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைக்கு மருந்து வாங்க 1994-இல் ஏற்படுத்தப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம், பொதுப்பெயரில் டெண்டர் விட்டு, பலரைப் போட்டி போடவைத்து மொத்தமாக வாங்குகிறது. காப்புரிமை உயிரோடு இருக்கும் மருந்துக்கு ஒரே விற்பனையாளர். அங்கே டெண்டர் வெறும் சடங்கு. அவன் வைத்ததுதான் விலை.

6

கடைசியாக ஒரு மருந்து. பெடாகுவிலின். 2012-இல் அமெரிக்க அனுமதி பெற்ற, பல மருந்துக்கும் அடங்காத காசநோய்க்கான மாத்திரை. அதற்கு முன் இந்நோய்க்குப் போட்ட ஊசிகள் பலரின் செவிப்புலனைப் பறித்தன. இந்தியாவின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும் அப்படிக் கேட்கும் திறனை இழந்தவர்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனமே ஊசிகளை விட்டு இந்த மாத்திரைக்கு மாறச் சொன்னது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்திடம் இருந்த மூலக்கூறுக் காப்புரிமை இந்தியாவில் 2023 ஜூலை 18 அன்று முடிய வேண்டும். அதன் ஃபியூமரேட் உப்புக்கு இன்னொரு விண்ணப்பம் இருந்தது. அது தேறியிருந்தால் 2027 வரை நீண்டிருக்கும்.

2019-இல் இந்த இரண்டு பெண்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் துணையோடு அந்த விண்ணப்பத்தை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் அது நிராகரிக்கப்பட்டது. ஜூலையில் மூலக்கூறின் காலம் முடிந்ததும் இந்திய ஜெனரிக்குக்கு வழி திறந்தது. 134 ஏழை, நடுத்தர நாடுகளில் இந்த மருந்துக்கான காப்புரிமைகளைப் பயன்படுத்தி யாரையும் தடுக்கமாட்டோம் என்று அதே செப்டம்பரில் கம்பெனி அறிவிக்க வேண்டி வந்தது. நான்கு ஆண்டுகள். காசநோய்க் கணக்கில் அது சின்னக் காலமல்ல.

ஜூலை 18 என்ற தேதி காகிதத்தில் எப்போதும் இருந்தது. அதை நிஜத் தேதியாக்கியது எதிர்ப்பு மனு. எவரும் கொடுக்கலாம் என்ற அந்தச் சொல், எதையும் விற்காத, எதையும் கண்டுபிடிக்காத, நோயை மட்டும் அனுபவித்த ஒருவரையும் வாசகராக உள்ளே அனுமதித்தது.

இந்த வாசல் இப்போது குறுகிக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட காப்புரிமை விதிகள், அதுவரை கட்டணமே இல்லாதிருந்த எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் வைத்தன. மனு எடுத்துக்கொள்ளத்தக்கதுதானா என்று அதிகாரி முதலிலேயே தீர்மானிக்கலாம் என்றன. காப்புரிமை வாங்கியவர் அதை இங்கே பயன்படுத்துகிறாரா என்று ஆண்டுதோறும் தர வேண்டிய அறிக்கை மூன்றாண்டுக்கு ஒருமுறை என்றானது. அய்யங்கார் 1959-இல் கேட்ட கேள்வியே அந்த அறிக்கைதான். சென்னையில் இருந்த மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் ஒழிக்கப்பட்டாயிற்று. பிரிவு 3(ஈ) மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு சட்ட வரியை யாரும் எடுத்து வாதாடாவிட்டால் அது அச்சில் இருந்து என்ன பயன்?

டங்கல் எதிர்ப்புக் காலத்தில் நாம் நிறையக் கூட்டம் போட்டோம், துண்டறிக்கை எழுதினோம். ஒப்பந்தம் கையெழுத்தானதோடு அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. தோற்ற சண்டை என்று விட்டுவிட்டோம். உண்மையில் சண்டை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தனித்தனியாக நடந்துகொண்டிருக்கிறது. விண்ணப்பங்கள் ரகசியமல்ல. பதினெட்டு மாதத்தில் பிரசுரமாகிவிடும், யாரும் எடுத்துப் படிக்கலாம். திறந்த கடிதம் என்று அதற்குப் பெயர் வைத்ததன் அர்த்தம் அதுதான். வேதியியல் தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் நோயாளியும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டிய கடிதங்கள் அவை. இதைத் தமிழில் விளக்கிச் சொல்லும் வேலையாவது நமக்குரியது.